ஊருணிப் பூங்காவில் பேரனை நாய் கடித்துவிட்டது, சொந்தக்காரர் சிங்கப்பூரில்: யாரிடம் போய்க் கேட்பது?

பழைய தபால்காரம்மா (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. தபால் நிலையத்தில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்கும் மருமகனுக்கும் சென்னையில் வேலை. பேரன் என்னோடு இருந்து இங்கே ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான். ஆறு வயது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். எங்கள் ஊருணிக் கரையில் நடைபாதை போட்டு, ஒரு மூலையில் ஊஞ்சலும் சறுக்கும் வைத்துப் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். அங்கே கூட்டிப் போயிருந்தேன். மழை விட்டு இரண்டு நாள், ஊருணி நிறையத் தண்ணீர். படித்துறைப் பக்கம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் சறுக்கிலிருந்து இறங்கி, "ஆயா, தண்ணி" என்று என்னைப் பார்த்து ஓடி வந்தான். அவ்வளவுதான். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு திரும்பிப் பாய்ந்தது. பிடித்திருந்தவர் கையிலிருந்து சங்கிலி உருவிக்கொண்டது. பிள்ளையின் இடது கையை முழங்கைக்குக் கீழே கவ்வி ஒரு உலுக்கு உலுக்கியது. இழுத்து விலக்குவதற்குள் தொடையிலும் ஒரு கடி.

எங்கள் அலுவலகத்தில் டெலிவரிக்குப் போகிறவர்கள் நாய்க்கடியோடு திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். அதனால் உடம்பு நடுங்கினாலும் என்ன செய்ய வேண்டும் என்பது மறக்கவில்லை. பூங்காக் குழாயடியில் உட்கார வைத்து, எதிரே டீக்கடையில் சோப்பு வாங்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பிள்ளை கதறினான், நிறுத்தவில்லை. ஒரு பெரியவர் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல மனசுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ பிடித்து காரைக்குடி ஜிஹெச் போனோம். மூன்றாம் வகைக் கடி, அதாவது தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்று எழுதினார்கள். தையல் போடவில்லை. காயத்தைச் சுற்றியே கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசி, இரண்டு தோளிலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, தனுர்வாதம் வராமல் இருக்க ஒரு டிடி ஊசி. நேற்று இரண்டாவது ஊசியும் ஆயிற்று.

இப்போது நாய் விஷயம். எங்கள் தெருவுக்கு நாலாவது தெருவில் ஒரு பெரிய வீடு, இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்கள். உள்ளே இருப்பது காவலுக்கு இருக்கும் பெரியவரும் அவர் சம்சாரமும் மட்டும். தூண், நிலை, கதவு எல்லாம் பர்மாத் தேக்கு. ஆளில்லாத வீட்டில் திருட்டுப் பயம் இருக்கத்தான் செய்யும், நாய் வாங்கி விட்டதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெரியவருக்கு அறுபத்தைந்து வயது, ஐம்பது கிலோ தேறமாட்டார். நாய் முப்பத்தைந்து கிலோவாவது இருக்கும். அவர் அதைக் கூட்டிப் போகவில்லை, அதுதான் அவரை இழுத்துக்கொண்டு போனது.

வீட்டுக்காரர் எண்ணை வாங்கிப் பேசினேன். "எங்கள் நாய் கடிக்கிற நாய் இல்லை, பையன் ஓடியிருப்பான்" என்றார். பத்தாயிரம் அனுப்புகிறேன் என்றார். தடுப்பூசிச் சீட்டு எங்கே என்று கேட்டதற்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி நாலு நாளாயிற்று. கடைசியாக ஒன்று சொன்னார், அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது: "வாட்ச்மேனை நிறுத்திவிடுகிறேன், உங்களுக்குத் திருப்திதானே?"

அந்தப் பெரியவர் அன்றைக்கு ராத்திரி என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து அழுதார். அவர் வேலை போய் எனக்கு என்ன திருப்தி? போலீசில் எழுதிக் கொடுத்தால் வழக்கு அவர் தலையில்தான் விழும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எழுதாமல் விட்டால் அடுத்த பிள்ளையை அது கடிக்கும். நாய்க்குச் சொந்தக்காரர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் கால்நடை (பதில்)

அம்மா, கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். சட்டத்தை மற்றவர்கள் சொல்வார்கள். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கழுவியதும் ஊசி போட்டதும் சரி. முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28-ஆம் நாட்களில் நாலு தடவை, ஒன்றையும் விடாதீர்கள். காயம் ஆறிவிட்டது என்று கடைசி ஊசியை விடுகிறவர்கள் நிறைய. நாய் வீட்டு நாய்தானே என்று விடுவதும் உண்டு. வெறிநோய் வந்த பிறகு காப்பாற்றுவதற்கு மருந்து இல்லை.

அடுத்தது நாய். அது இன்னும் அந்த வீட்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே உறுதி செய்துகொள்ளுங்கள். கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது கண் முன்னால் இருக்க வேண்டும். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இறங்கிய நாய் சில நாளிலேயே நோய் காட்டிச் செத்துப்போகும். பத்தாம் நாளும் நன்றாகத் தின்று குடித்து நடமாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் நம் பக்கம் என்ன செய்கிறார்கள்? பிரச்சினை என்றதும் நாயைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள், இல்லையென்றால் அடித்துவிடுவார்கள். இரண்டும் உங்கள் பேரனுக்குத்தான் கெடுதல்.

அந்த நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் அது மாதிரி நாய்களைப் பார்த்திருக்கிறேன். குட்டி பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை எதை எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதுதான் அதற்கு உலகம். அந்த வயதில் குழந்தையை, சைக்கிளை, கூட்டத்தைப் பார்க்காமல் வீட்டின் உள்முற்றத்தில் கட்டிக்கிடந்த நாய்க்கு, ஓடிவரும் பிள்ளை பிள்ளையாகத் தெரியாது. பகல் முழுக்கச் சங்கிலி, சாயங்காலம் அரை மணி பூங்கா. அந்த அரை மணியில்தான் அது வெடிக்கும். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலேயே, எப்போதும் கட்டிப்போட்டோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடத்தி உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவது சொந்தக்காரர் செய்யும் குற்றம் என்று இருக்கிறது. 11-ஆவது பிரிவு. நாய்க்காகப் போட்ட சட்டம், இந்த மாதிரி நாளில் பிள்ளைகளுக்கும் ஆகும்.

ராஜபாளையம் வளர்க்கிறவன் (பதில்)

கானாடுகாத்தான் பக்கம் நான். இருபது வருஷமாக நாய் வளர்க்கிறேன். பையனுக்காக வருத்தப்படுகிறேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும் ஆச்சி. நாய் பக்கத்தில் வரும்போது பிள்ளை ஓடக்கூடாது. ஓடினால் துரத்துவது அதன் பிறவிக் குணம். வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்காது. இப்போது எல்லோரும் சேர்ந்து நாய் வளர்ப்பவர்களைத் திட்டுவார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் ஜெர்மன் ஷெப்பர்டே கிடையாது. இனத்தைப் பார்த்துப் பழி போடுவதில் பயன் இல்லை. அதோடு, ஊர் முழுக்கத் திரியும் தெருநாயை விட்டுவிட்டு வீட்டு நாயை மட்டும் பிடிப்பானேன்?

பழைய தபால்காரம்மா

தம்பி, நீங்கள் நாயை நேசிக்கிறவர் என்று தெரிகிறது. இனத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதியதை மறுபடி படித்துப் பாருங்கள்.

பிள்ளை ஓடக்கூடாது என்கிறீர்கள். அது சறுக்கு இருக்கும் இடம், ஓடுவதற்கென்றே போட்ட இடம். ஆறு வயதுப் பிள்ளை அங்கே ஓடாமல் வேறு எங்கே ஓடும்? நாயைக் கண்டால் அசையாமல் நில் என்று இனி கட்டாயம் சொல்லிக்கொடுப்பேன், உங்கள் புத்தியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் தெரியாமல் ஓடியதும், அவ்வளவு பெரிய நாயைப் பலமில்லாத ஒருவர் கையில் கொடுத்து அனுப்பியதும் ஒரே தராசில் வராது.

தெருநாய்க்குக் கருத்தடை, தடுப்பூசி என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. அது உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை, அதைத் தனியே கேட்போம். இந்த நாய்க்குக் கழுத்துப்பட்டை இருக்கிறது, பெயர் இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியவர் இருக்கிறார். பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கும்போது அவரிடம் கேட்கக்கூடாதா?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவலுக்கு இருந்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய் வைத்திருந்தவர் கைதானார். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு என் மகள் போன் செய்து, "நம்ம ஊரில் இந்த மாதிரிப் பயமெல்லாம் இல்லம்மா, அவன் உன்னோடேயே இருக்கட்டும்" என்றாள். அதை நினைத்துக்கொண்டுதான் ஜிஹெச்சில் அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வக்கீல் குமாஸ்தா (பதில்)

சிவகங்கைக் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன் அம்மா. எங்கள் சாரிடம் உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பாரதிய நியாய சம்ஹிதை என்ற புதுத் தண்டனைச் சட்டத்தில் 291-ஆவது பிரிவு. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289. தன் வசம் உள்ள மிருகத்தால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வரக்கூடும் என்றால் அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாடு செய்ய வேண்டும். தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 1,000 ரூபாய்தான். 2024 ஜூலை 1-இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஐந்து மடங்காயிற்று.

உங்கள் கவலை "தன் வசம்" என்ற அந்த வார்த்தையில் இருக்கிறது. சங்கிலியைப் பிடித்திருந்தது பெரியவர், அதனால் முதல் பார்வைக்கு அவர் பெயர் வரும். ஆனால் நாயை வாங்கியது, எங்கே எப்படி வைப்பது என்று முடிவு செய்தது, தீனிக்கும் ஊசிக்கும் பணம் அனுப்புவது, வெளியே கூட்டிப் போகச் சொன்னது எல்லாம் வீட்டுக்காரர். வேலைக்காரர் கையில் இருந்தாலும் அது எஜமானர் வசம் இருப்பதுதான் என்று வாதம் வைக்க நல்ல இடம் இருக்கிறது என்கிறார் எங்கள் சார். அந்த வாதத்துக்குப் பலம் எது தெரியுமா? இந்த நாய் இப்படிச் செய்யும் என்று வீட்டுக்காரருக்கு முன்பே தெரியும் என்பது. அதைத் தேடுங்கள். நஷ்ட ஈட்டுக்குச் சிவில் வழக்குப் போட்டாலும் அதுதான் கைகொடுக்கும்.

போலீசுக்குக் கொடுக்கும் மனுவில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். பெரியவர் வேண்டுமென்று விட்டார் என்றோ, அவர் மேல் தப்பே இல்லை என்றோ எழுத வேண்டாம். வீட்டுக்காரர் பெயர், வெளிநாட்டில் இருப்பது, நீங்கள் போனில் பேசிய தேதி, அவர் சொன்ன பதில், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல், காயத்தின் போட்டோ. கொடுத்துவிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அங்கே எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இல் 173(4)-ஆவது பிரிவு. தபால் விஷயத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாயிரத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். வாங்கினால் செலவுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள்.

தேவகோட்டை – சிங்கப்பூர் (பதில்)

ஆச்சி, நான் தேவகோட்டைக்காரன், பதினெட்டு வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். இந்த வீட்டுக்காரர் யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஆனால் அவர் இருக்கும் நாட்டில் இந்த விஷயம் எப்படி என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இங்கே எந்த நாய்க்கும் உரிமம் வாங்க வேண்டும். பொது இடத்தில் எந்த நாயும் கயிறு இல்லாமல் வரக்கூடாது. ஜெர்மன் ஷெப்பர்டு அரசு தனியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் இனங்களில் ஒன்று. அதை வெளியே கூட்டிப் போனால் கயிறும் வேண்டும், வாய்க்கூடும் வேண்டும். உடம்பில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், அது யாரையாவது கடித்தால் நஷ்ட ஈடு கொடுக்க ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு)க் குறையாமல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். அரசு அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாக அந்த இனத்தை வளர்க்கவே விடமாட்டார்கள்.

இது அத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கும், இங்கே இருக்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. இங்கே ஒரு பூங்காவில் வாய்க்கூடு இல்லாமல் அந்த நாயோடு நடப்பாரா? மாட்டார். இங்கே சீனர் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையை நம்ம ஊர்ப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். எனக்கும் ஊரில் பூட்டிய வீடு இருக்கிறது. என் பெயரைச் சொல்லி அங்கே நடக்கும் எதற்கும் பொறுப்பு நான்தான், பத்து கி.மீ. தள்ளி இருந்தாலும் சரி, கடல் தாண்டி இருந்தாலும் சரி. இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

பழைய தபால்காரம்மா

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

புதுவயல் தம்பி சொன்னதைப் படித்த கையோடு அந்த வீட்டுக்குப் போனேன். நல்லவேளை போனேன். மறுநாள் காலையில் நாயைத் தோட்டத்துக்கு ஏற்றிவிட வண்டி சொல்லியிருந்தார்கள். பத்து நாள் இங்கேயே இருந்தாக வேண்டும், என் பேரன் உயிர் சம்பந்தப்பட்டது என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் புரிந்துகொண்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். தினமும் காலை ஏழு மணிக்குப் பின்வாசல் கம்பி வழியாக நாயைப் பார்த்து, தின்றதா, தண்ணீர் குடித்ததா என்று நோட்டில் எழுதினேன். நேற்றோடு பத்து நாள் முடிந்தது. நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் குறைந்துவிட்டது. முற்றத்துத் தூணில் ஒன்றரை மீட்டர் சங்கிலி, அதற்குள் அதன் முழு நாளும்.

குமாஸ்தா தம்பி கேட்ட ஆதாரமும் கிடைத்தது. எங்கள் பழைய போஸ்ட்மேனைக் கேட்டேன். அந்த வீட்டுக்கு ஒரு வருஷமாகவே அவர் கதவுக்குப் போவதில்லையாம். தெருமுனையில் சைக்கிள் மணி அடித்துவிட்டு, பூக்கட்டும் அம்மாவிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வருவாராம். பால்காரரின் பேண்டைக் கிழித்தது ஆடி மாதம். அதற்குப் பணம் சிங்கப்பூரிலிருந்துதான் வந்திருக்கிறது, பால்காரர் போனில் குறுஞ்செய்தி இருக்கிறது. அப்படியானால் "கடிக்கிற நாய் இல்லை" என்று என்னிடம் சொன்னபோதே வீட்டுக்காரருக்குத் தெரியும். போஸ்ட்மேனும் பால்காரரும் சாட்சி சொல்லச் சம்மதித்தார்கள். மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.

அப்புறம் வீட்டுக்காரருக்கே ஒரு கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். வெளிநாட்டுப் பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு. என் கையாலேயே கவுண்டரில் கொடுத்தேன். தேவகோட்டைத் தம்பி எழுதியதைத் தேவைப்பட்ட இடத்தில் சேர்த்துக்கொண்டேன். மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். நாய்க்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்ட சீட்டு, அதன் நகல் என்னிடமும் ஒன்று. நாயைத் தாங்கிப் பிடிக்கும் வலுவுள்ள ஒருவர் காலையும் மாலையும் வாய்க்கூடு மாட்டி நடத்திக் கூட்டிப் போக வேண்டும், சறுக்கு இருக்கும் மூலைக்கு வரவே கூடாது. பெரியவரின் வேலை போகக்கூடாது.

கடிதம் போய்ச் சேருவதற்குள், வாட்சப்பில் அனுப்பிய அதன் போட்டோவைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் வேறு. முதலில் பேரனின் பெயரைக் கேட்டார். போன தடவை கேட்கவில்லை. தடுப்பூசி குட்டியில் ஒன்று போட்டதுதான், அடுத்த வருஷம் போடவில்லை என்று ஒப்புக்கொண்டார். நாளைக்குக் கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து போடுகிறார். பெரியவரை நிறுத்தவில்லை. நடத்துவதற்கு அதே தெருவில் ஒரு பையனை ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். வாய்க்கூடு இன்னும் வரவில்லை. வரும்வரை நாய் பின்வாசல் தாண்டாது என்று பெரியவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கேட்டார். வாய்க்கூட்டோடு நாயை என் கண்ணால் பார்க்கும்வரை மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பேரன் கை ஆறிக்கொண்டு வருகிறது. தொடையில் தழும்பு நிற்கும் என்கிறார்கள். பூங்காவுக்கு இன்னும் வரமாட்டேன் என்கிறான், ஊருணியின் எதிர்க்கரை வரை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். நேற்று அங்கே நின்றுகொண்டு, "ஆயா, அந்த நாய்க்கு யாரும் பந்து போட மாட்டாங்களா?" என்று கேட்டான்.

நாலாவது ஊசி 28-ஆம் நாள், சனிக்கிழமை. போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.